நீங்கள் ‘வெட்கம்’ என்றால் அவர்கள் என்ன எழுதுகிறார்கள்?

2016ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாழ்வாதார உதவி கொடுப்பதற்கு முன் குடும்பங்களை நேரில் பார்த்துப் போவதற்காக வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்பதால் மொழிபெயர்ப்பதற்கு என்னைக் கூட்டிச் சென்றார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமம். நாங்கள் போன மூன்றாவது வீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா இருந்தார். 2009இல் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் பூட்டிக்கொண்டு தோட்டம் கொத்துகிறார், தண்ணீர் அள்ளுகிறார், இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறார். கோழிக்கூடு அமைக்க உதவி கேட்டிருந்தார்.

கதையெல்லாம் நன்றாகத்தான் போனது. எழும்பும் நேரத்தில் வந்தவர்களில் ஒருவர் கமராவை எடுத்து, பொய்க்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அக்கா சோட்டியின் கரையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு சிரித்தார்.

“ஐயோ, எனக்கு வெக்கமா இருக்கு பிள்ளை.”

நான் திரும்பி, ஒரு நொடியும் யோசிக்காமல், “ஷீ இஸ் அஷேம்ட்” என்றேன். வந்திருந்த பெண் தலையை ஆட்டிக்கொண்டு கொப்பியில் ஏதோ எழுதினார். படம் எடுக்கவில்லை. மரியாதையாக விடைபெற்றுப் போனோம். எனக்கு அன்று பெரிய திருப்தி. ஆங்கிலத்தில் தடக்குப்படாமல் ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டேன் அல்லவா?

அடுத்த வருடம் பெப்ரவரியில் அறிக்கை வந்தது. அந்த அக்காவின் மூத்த மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். தாய்க்கு வந்த கடிதத்தோடு இணைத்திருந்த ஆங்கிலப் பந்தியை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள். பயனாளி தன் உடற்குறையையிட்டு ‘அஷேம்ட்’ ஆக இருக்கிறார், தன்னம்பிக்கை குறைந்துள்ளது, வாழ்வாதார உதவிக்கு முன் உளவளத்துணை வழங்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. கோழிக்கூடு அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போய்விட்டது.

அக்கா பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்றார்.

“நான் என்ன களவெடுத்தனானே பிள்ளை, வெக்கப்பட? ஷெல் விழுந்து போன கால் இது. அதுக்கு நான் ஏன் வெக்கப்படோணும்? அண்டைக்கு அந்த ஆம்பிளையளுக்கு முன்னாலை சோட்டியைத் தூக்க ஏலாமல் சொன்னனான். அதை நீங்கள் என்னெண்டு சொல்லிப்போட்டியள்?”

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

எங்கள் ‘வெட்கம்’ மிகப் பெரிய சொல். கலியாணப் பேச்சு நடக்கும்போது பெண்பிள்ளை முகம் சிவந்து உள்ளே ஓடினால் அது வெட்கம். புதிதாக ஆள் வந்தால் சின்னப்பிள்ளை தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் வெட்கம். குளிக்கும் இடத்துக்கு மறைப்பு இல்லையென்றால் வெட்கம், கடன் கேட்டுப் போனாலும் வெட்கம். குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவனைப் பார்த்து, “வெக்கமில்லையே உனக்கு?” என்றும் கேட்கிறோம். சிரிப்பிலிருந்து ஏச்சு வரைக்கும் இந்த ஒரு சொல்தான் போய்வருகிறது. நாங்கள் ஒருவரோடொருவர் பேசும்போது இதனால் எந்தக் குழப்பமும் வருவதில்லை. முகத்தைப் பார்க்கிறோம், குரலைக் கேட்கிறோம், எந்த வெட்கம் என்று விளங்கிவிடுகிறது. ஆனால் எழுத்தில் முகம் இல்லை. அதுவும் வேறு மொழியில், கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருந்துகொண்டு வாசிப்பவருக்கு அந்த ஒற்றைச் சொல்தான் எல்லாம்.

ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லுக்குள் இருப்பவற்றைப் பல துண்டுகளாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் உயர்ந்த மொழி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திருக்குறளின் 102ஆம் அதிகாரமான நாணுடைமையில் முதற் குறளே, தகாத செயலைச் செய்து நாணுவது வேறு, பெண்களுக்கு வரும் நாணம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. பிரிக்க எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்களைப் பற்றிய கோவைகளில் கணிசமானவை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. எந்தச் சொல் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று தெரியாமல் அந்தக் கோவைக்குள் நாங்கள் போய் நிற்கக்கூடாது.

அந்த அக்கா சொன்னதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘ஷை’ என்ற சொல் ஓரளவு பொருந்தும். கூச்சம் என்று நாங்கள் சொல்வதற்கு அது கிட்ட வரும். ஆனால் ‘ஷை’ பெரும்பாலும் ஆளின் சுபாவத்தைச் சொல்வது. ஆட்களோடு பேசத் தயங்குபவரைத்தான் ‘ஷை’ என்பார்கள். இந்த அக்கா யாரோடும் பேசுவார், பிரதேச செயலகத்தில் மேசையில் தட்டியும் பேசுவார். “ஆண்களுக்கு முன்னால் காலைக் காட்ட அவருக்கு விருப்பமில்லை” என்ற கருத்தில், “ஷீ இஸ் நொட் கம்ஃபர்ட்டபிள்” என்று நான் சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்லியிருந்தால் பிழை கேட்டவரின் பக்கம் போயிருக்கும். ‘அஷேம்ட்’ என்றதும் அது அக்காவின் மனதுக்குள் இருக்கும் ஒரு நோயாகிவிட்டது.

‘ஷேம்’ என்பது ஆங்கிலத்தில் கனமான சொல். அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. ‘மூடுதல்’ என்ற பொருளுள்ள ஒரு வேரோடு அதைத் தொடர்புபடுத்தும் அறிஞர்கள் உண்டு. முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும் உணர்வுதானே அது. உளவியலில் ‘ஷேம்’ என்பதையும் ‘கில்ட்’ என்பதையும் பிரித்துப் பேசுவார்கள். ஹெலன் பிளொக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை விரிவாக எழுதினார். எளிமையாகச் சொன்னால், நான் செய்த காரியம் பிழை என்று நெஞ்சு உறுத்தினால் அது ‘கில்ட்’, நானே பிழையான ஆள் என்று சுருங்கிப்போனால் அது ‘ஷேம்’. காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம், பரிகாரம் தேடலாம். ஆளே பிழை என்றால் எங்கே போவது?

ஆகவே எங்களைப் பற்றி ஒருவர் ‘அஷேம்ட்’ என்று எழுதினால், இந்தப் பெண் தன்னையே இழிவாக நினைக்கிறாள் என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையாகவே அப்படி உணர்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உளவளத்துணை வேண்டும்தான், அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் கூச்சத்தோடு சிரித்த ஒருவரை அந்த வரிசையில் நிறுத்துவது சரியா?

‘கில்ட்’ என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இறுதி நாட்களில் வயதுபோன தாயை பங்கருக்குள் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். “நான் குற்றம் செய்திட்டன் மிஸ், அம்மான்ரை படத்தைப் பார்க்கவும் வெக்கமா இருக்கு” என்பார். தப்பிப் பிழைத்தவர்களுக்கு வரும் இந்த வேதனை உலகம் முழுவதிலும் போருக்குப் பின் காணப்படுவது. ஆங்கிலத்தில் அதற்கும் ‘கில்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதே சொல்லைத்தான் நீதிமன்றத்திலும் பாவிக்கிறார்கள். ‘கில்டி’ என்றால் அங்கே குற்றவாளி. பொலிஸிலோ நீதிமன்றத்திலோ வாக்குமூலம் கொடுக்கும்போது “எனக்குக் குற்றமாயிருக்கு” என்று மொட்டையாகச் சொல்லாமல், “நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை, எனக்கு மனவேதனையாக இருக்கிறது” என்று முழுவதாகச் சொல்வது நல்லது. இதை அந்தப் பெண்ணுக்கும் சொன்னேன். “ரெண்டும் ஒண்டுதானே மிஸ்” என்றார். அவருடைய நெஞ்சுக்குள் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். அதை மாற்றச் சொல்லின் விளக்கம் போதாது, காலமும் ஆட்களும் வேண்டும். தாளில் மட்டும் இரண்டும் ஒன்றாகக் கூடாது.

இனி ‘எம்பரஸ்ட்’. இது எனக்குப் பிடித்த சொல். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் தடைபோடுதல், வழியை மறித்தல் என்றுதான் அதற்குப் பொருள். பின்னர்தான் ஆட்களுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் திக்குமுக்காடி நிற்பதைக் குறிக்கத் தொடங்கியது. பழைய ஆங்கிலக் கதைகளில் காசு முடைப்பட்டுக் கடனில் நிற்பவரையும் ‘எம்பரஸ்ட்’ என்று எழுதியிருப்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ‘அந்தரம்’ நினைவுக்கு வந்தது. “காசில்லாமல் அந்தரப்படுறன்” என்கிறோம். சபையில் ஒருவர் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டால், “எனக்கு அந்தரமாப் போச்சு” என்கிறோம். நடுவானத்தில் தொங்குவதுபோல, அங்கும் போகமுடியாமல் இங்கும் வரமுடியாமல் நிற்கும் நிலை. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சமூகவியல் படித்தபோது ஏர்விங் கொஃப்மன் என்பவரைப் பற்றிக் கற்றோம். கனடாவில் பிறந்தவர். 1956இல் எம்பரஸ்மென்ட் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு முன்னால் தன்னைப் பற்றி ஒரு தோற்றத்தை வைத்துக்கொண்டு நடக்கிறோம், அது சட்டென்று கலைந்துபோகும்போது இந்த உணர்வு வருகிறது என்பது அவர் விளக்கம். பாடசாலைப் பெற்றார் கூட்டத்தில் வசதிக் கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, நல்ல சேலை உடுத்து முன்வரிசையில் இருந்த தாய்க்கு வருகிறதே, அதுதான். அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. தன்னையே இழிவாக நினைக்கவும் இல்லை. அந்த இடம் அவரை மறித்துவிட்டது. அடுத்த நாள் அது போய்விடும், அல்லது அதைச் சொல்லிச் சிரிக்கவும் முடியும். ‘எம்பரஸ்ட்’ என்பதில் இருக்கும் நல்ல குணம் அது இலேசானது என்பது. அதை ‘அஷேம்ட்’ என்று எழுதினால் ஒரு நாள் அந்தரத்தை ஆயுள் முழுக்க ஆக்கிவிடுகிறோம்.

மறுபக்கமும் இருக்கிறது. இலேசான சொல்லைப் போட்டுப் பெரிய அநியாயத்தைச் சிறிதாக்குவதையும் கண்டிருக்கிறேன். நுண்கடன் எடுத்த ஒரு தங்கச்சியின் வீட்டு முற்றத்தில் தவணை அறவிட வந்தவர் மாலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்திருக்கிறார். கணவன் இல்லாத வீடு. அயலட்டம் முழுக்க வேலிக்கு மேலால் பார்த்தது. அவர் சத்தம் போட்டுச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. இந்தச் சம்பவத்தை அந்தத் தங்கச்சி என்னிடம் சொன்னது ஒரே வரியில்: “சரியான வெக்கமாப் போச்சக்கா.” இதுவும் அந்த அக்கா சிரித்துக்கொண்டு சொன்ன அதே வெட்கம்தான் என்று யாராவது சொல்வார்களா?

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஹியூமிலியேட்’ என்ற சொல் இருக்கிறது. இலத்தீனில் நிலம், மண் என்று பொருள்படும் சொல்லின் வழியில் வந்தது. ஒருவரை மண்ணோடு மண்ணாகத் தாழ்த்துவது. இந்தச் சொல்லில் முக்கியமான விடயம், தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்பது. “ஐ ஆம் அஷேம்ட்” என்று சொன்னால் கதை என்னோடு தொடங்கி என்னோடு முடிகிறது. “ஐ வோஸ் ஹியூமிலியேட்டட்” என்று சொன்னால் கேட்பவர் அடுத்ததாக, “பை ஹூம்?” என்று கேட்டே ஆகவேண்டும். யாரால்? அந்தக் கேள்வி வருவதற்காகவே இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

தமிழிலும் இதே வேறுபாடு இருக்கிறது, நாங்கள்தான் கவனிப்பதில்லை. ‘அவமானப்பட்டேன்’ என்பதில் செய்தவர் இல்லை. ‘அவமானப்படுத்தினார்’ என்பதில் இருக்கிறார். வேதனைப்பட்டேன், வேதனைப்படுத்தினார். வெட்கப்பட்டேன், வெட்கப்படுத்தினார். எங்கள் பெண்களின் வாக்குமூலங்களை வாசித்துப் பாருங்கள், எல்லாம் ‘பட்டேன், பட்டேன்’ என்றே முடியும். பட்டது நாங்கள்தான். படுத்தியது யார் என்பது அந்தச் சின்ன எழுத்தோடு மறைந்துவிடுகிறது. நான் அந்தத் தங்கச்சியை உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். “அவர் வந்தார், இருந்தார், ஏசினார்” என்று சொல்லச் சொல்ல அவருடைய குரலே மாறியது. முறைப்பாட்டையும் அப்படியே எழுதினோம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்கள் சிலவற்றுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது, இப்படித் தங்கள் கதையைச் சொல்ல முன்வந்த பெண்களின் குரலும் அதற்குப் பின்னால் இருந்தது என்பது என் எண்ணம்.

சொல்லை மாற்றுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ‘கற்பழிப்பு’ என்று பத்திரிகைகள் எழுதிவந்த காலத்தை யோசியுங்கள். அழிந்தது அவளுடைய கற்பு என்றால், இழந்தவளும் வெட்கப்பட வேண்டியவளும் அவள்தான். பெண்கள் அமைப்புகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ‘பாலியல் வல்லுறவு’ என்ற சொல் வழக்கத்துக்கு வந்தது. அதில் வன்முறையும் செய்தவனும் முன்னுக்கு வந்தார்கள். ‘விதவைக் குடும்பம்’ என்பது ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ ஆனதும் இப்படித்தான். அந்தச் சொற்றொடர் நீளமாகவும் அலுவலகத்தனமாகவும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதில் ஒரு தலைவி இருக்கிறாள்.

‘ஸ்டிக்மா’ என்ற சொல்லை இப்போது தமிழ்ப் பயிற்சிப்பட்டறைகளிலும் அப்படியே சொல்கிறார்கள். கிரேக்கச் சொல். அடிமைகளினதும் குற்றவாளிகளினதும் உடலில் குத்தி அல்லது சுட்டு வைத்த அடையாளத்துக்கு அந்தப் பெயர். மேலே சொன்ன கொஃப்மன் 1963இல் இந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். களங்கப்பட்டவர் என்று சமூகம் ஒதுக்கிவைத்தவரோடு உறவாக இருப்பவர்கள்மேலும் அந்தக் களங்கம் படிகிறது என்பதை அவர் அதில் காட்டுகிறார். புனர்வாழ்வு பெற்று வந்த ஒரு பெண்ணின் தங்கைக்குக் கலியாணம் பேசும்போது, “தமக்கை இயக்கத்திலை இருந்தவவாம்” என்று மாப்பிள்ளை வீடு பின்வாங்குவதை நாங்கள் பார்க்காததா? தமிழில் ‘களங்கம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. களங்கம் நிலவிலே இருப்பதுபோல அவளிலேயே இருப்பது. ஸ்டிக்மா இன்னொருவர் சுட்ட சூடு. சூடு வைத்த கை யாருடையது என்று கேட்க அந்தச் சொல் இடம் தருகிறது.

நடுவில் ஒரு சிரிப்புக் கதையும் சொல்லவேண்டும். கணவர் காணாமற்போன ஒரு பெண், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர், தன் கதையை ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் கண்கலங்கி, “ஓ, வட் எ ஷேம்” என்றிருக்கிறார். எங்கள் ஆள் எழும்பி வெளியே வந்துவிட்டார். “என்ரை மனுசனைத் தேடுறது அவவுக்கு வெக்கமாமோ?” என்று என்னிடம் கொதித்தார். அங்கே ‘ஷேம்’ என்றால் வெட்கம் அல்ல, “அச்சோ, எவ்வளவு கவலை” என்ற அளவுதான் என்று விளங்கப்படுத்த எனக்கு அரைமணித்தியாலம் எடுத்தது. நம்பினாரா என்று இன்றும் சந்தேகம். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மனிதன் காணாமற்போனதற்கு, மழையில் துணி நனைந்ததற்குச் சொல்லும் சொல்லையா சொல்வது?

சிங்களத்தில் ‘லஜ்ஜ’ என்பார்கள். எங்கள் வெட்கம்போலவே அதுவும் கூச்சத்திலிருந்து அவமானம் வரை எல்லாவற்றையும் மூடும் சொல். தமிழில் ‘இலச்சை’ என்று பழைய நூல்களில் வருவதும் அதே வடமொழி மூலந்தான். சிங்களச் சமூகத்தில் பிள்ளைகளை ‘லஜ்ஜ-பய’, அதாவது வெட்கமும் பயமும் உள்ளவர்களாக வளர்ப்பதைப் பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர எழுதியிருக்கிறார். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாற்குணம் சொல்லி வளர்க்கப்பட்ட எங்களுக்கு அது புதிதில்லை. அச்சமும் நாணமும் அங்கேயும் சோடியாகவே வருகின்றன. ஆகவே சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஊடாகப் பேசும்போது இந்தக் குழப்பம் குறைவு. ஆனால் அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது திரும்பவும் அதே கதைதான்.

போர் முடிந்தபின் எங்கள் பெண்கள் எத்தனை தரம் தங்கள் கதையைச் சொல்லியிருப்பார்கள்? 2010இல் தொடங்கிய கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு, 2016இல் மக்களிடம் கருத்துக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணி, 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று வரிசை நீளும். இவற்றோடு தொண்டு நிறுவனங்களின் படிவங்கள் வேறு. அதனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பிலேயே உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை உங்கள் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு மொழியில் எழுதியிருந்தால் விளங்கப்படுத்தும்வரை கையொப்பம் வைக்கவேண்டாம். “வெட்கம் என்று சொன்னேனே, அதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். கேட்பதற்கு அந்தரமாகத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளருக்குக் கோபமும் வரலாம், எனக்கு அன்று யாராவது கேட்டிருந்தால் வந்திருக்கும்.

என்னைப்போல் களத்தில் வேலை செய்யும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சொல்வது, சொல்லை மொழிபெயர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். “என்ன நடந்தபடியாலை வெக்கமாயிருக்கு அக்கா?” அவ்வளவுதான். 2009இல் மெனிக் பாம் முகாமில் உடுத்த உடுப்போடு திறந்தவெளியில் குளித்த பெண்கள், “வெக்கமாயிருந்தது” என்றுதான் சொல்வார்கள். அதை ‘ஷேம்’ என்று எழுதுவதா, அல்லது அங்கே ‘பிரைவசி’ இருக்கவில்லை, அவர்களுடைய ‘டிக்னிட்டி’ பேணப்படவில்லை என்று எழுதுவதா? முதலாவதை எழுதினால் அவர்களைத் திருத்தவேண்டும். இரண்டாவதை எழுதினால் குளிக்கும் இடத்துக்கு மறைப்புக் கட்டவேண்டும்.

அந்த அக்காவின் விடயத்துக்கு வருகிறேன். பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு திருத்தக் கடிதம் எழுதினேன். என் மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. “நன்கொடையாளர்கள் எங்கள் மொழிபெயர்ப்பையே நம்பமாட்டார்கள்” என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனாலும் அனுப்பினோம். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, கோழிக்கூடு வரவில்லை. அந்தக் கட்டத்துக்கான காசு முடிந்துவிட்டதாம். எட்டு மாதம் கழித்து வேறு ஒரு திட்டத்தில்தான் கிடைத்தது. அதற்கிடையில் அக்கா மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் எடுத்து, தென்னோலையால் கூடு போட்டுப் பத்துக் கோழி வளர்த்துவிட்டிருந்தார். எனக்கு முட்டை தந்துவிட்டார். வாங்காமல் இருக்க முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை. அந்த உணர்வுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல் என்று எனக்கு உடனே விளங்கியது.

அவரும் வேறு சிலரும் கேட்டதால், சங்கத்துக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கொஞ்சக் காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். “மை நேம் இஸ்” என்று தொடங்கும் வகுப்பு அல்ல. “ஐ டோன்ட் வோன்ட் டு சே தட்”, “ப்ளீஸ் ரீட் இட் பெக்”, “தட் இஸ் நொட் வட் ஐ செட்” என்று தொடங்கினோம். பெரிய சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஒரு மாமி, ‘ஹியூமிலியேட்டட்’ என்ற சொல் நாக்கில் வராமல், “உமிக்குள்ளை ஏதோ” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். ஆனால் அந்தச் சொல்லுக்கு உதாரணம் சொல்லச் சொன்னபோது சிரிப்பு நின்றது. ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது.

பிறகு ஒரு தடவை வேறு ஆட்கள் படம் எடுக்க வந்தபோது நான் மொழிபெயர்க்கும் முன்னமே அக்கா கையை உயர்த்தி, “நோ போட்டோ. ஐ ஆம் நொட் அஷேம்ட். ஐ டோன்ட் லைக்” என்றார். வந்தவர் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். அக்கா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். கோழிகளை மட்டும் எடுக்க விட்டார்.

சென்ற மாதம் நான் ஓர் ஆங்கில அறிக்கை எழுதவேண்டியிருந்தது. கணவர் 2009இல் காணாமற்போன ஒரு பெண், தன் பெறாமகளின் கலியாண வீட்டுக்குப் போவதா விடுவதா என்று என்னிடம் கதைத்திருந்தார். பொட்டு வைத்துக்கொண்டு போனால் ஒரு கதை, வைக்காமல் போனால் அவர் இல்லை என்று தானே முடிவுகட்டியதாகிவிடும். கடைசியில் போகவில்லை. “அந்தரமாயிருக்கு பிள்ளை” என்றார். எழுத இருந்தபோது ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தேன். ஷை, எம்பரஸ்ட், அஷேம்ட், கில்டி, ஸ்டிக்மா. ஒன்றும் இருக்கவில்லை. ‘அந்தரம்’ என்று ஆங்கில எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் ஐந்து வரி விளக்கம் போட்டேன். மூன்று நாள் கழித்து கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். அறிக்கையில் ஒரு சொல் எழுத்துப்பிழையாக இருக்கிறது என்றார். பிழை இல்லை என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, பொட்டிலிருந்து தொடங்கினேன்.